எல்லப்பன் கூட்டிய வெளிச்சம்

அந்த ஆண்டு ஆடி மாதம் தேவனேரி ரிசார்ட்டின் மீன் தொட்டியில் பாசி பிடிக்கத் தொடங்கியபோது, எல்லப்பன் லைட்டின் மேல்தான் பழியைப் போட்டார். லைட் மங்கிவிட்டது, செடிகளுக்கு வெளிச்சம் போதவில்லை, செடி சோர்ந்தால் அதன் சாப்பாட்டைப் பாசி தின்றுவிடும் என்று வரவேற்பறையில் இருந்தவர்களுக்கெல்லாம் விளக்கினார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். தொட்டி விஷயத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு சொல்ல அங்கே ஆள் இல்லை.

எல்லப்பனுக்கு நாற்பத்தேழு வயது. படாளத்துக்காரர். மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினேழு வருடம் பெயின்ட் பிரிவில் இருந்தார். பெயின்ட் அடித்து வரும் பாகங்களை டியூப் லைட்டுகளுக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்து, தூசி, கீறல், குமிழி இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் கையால் தடவித் தேடும் கீறலை அவர் நின்ற இடத்திலிருந்தே காட்டுவார். அந்த வேலைக்குக் கம்பெனி கேமரா வாங்கியதும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆசைக்காக வீட்டில் வைத்திருந்த மீன் தொட்டிதான் பிறகு பிழைப்பு ஆனது. செங்கல்பட்டில் ஒரு பல் டாக்டர், ஒரு கல்யாண மண்டபம், மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் இரண்டு ரிசார்ட்டுகள் என்று வாடிக்கை மெல்ல மெல்லச் சேர்ந்தது.

அவற்றில் பெரியது தேவனேரித் தொட்டி. ஆறடி நீளம். பிளாஸ்டிக் செடி ஒன்றுகூடக் கிடையாது. கல்லும் மரவேரும் அடுக்கி, வேரின் இடுக்குகளில் செடிகளைக் கட்டி, முன்பக்கம் புல்தரை மாதிரி ஒரு பச்சையைப் படரவிட்டு, அதற்குள் இருநூறு சின்ன மீன்களையும் ஒரு கூட்டம் இறாலையும் விட்டிருந்தார். அப்படிப்பட்ட தொட்டி லேசில் நிற்காது. வெளிச்சம், செடிகளுக்கு விடும் கரியமில கேஸ், உரம் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். வெளிச்சம் ஒரு பங்கு கூடினாலும் பாசி உள்ளே புகுந்துவிடும். அதனால் தினமும் ஆறரை மணி நேரம்தான் லைட். அதுவும் அறுபதில்; நூறு வரை போகும் லைட்டை அறுபதைத் தாண்ட விடமாட்டார். நாலு வருடம் அந்தக் கணக்கு மாறவில்லை.

மாறியது அந்த ஆனியில். ஒரு நாள் தொட்டி மங்கலாகத் தெரிந்தது. கடல் காற்றின் உப்பு லைட்டின் மூடியில் படிந்திருக்கும் என்று துடைத்தார். மறு வாரமும் மங்கல். எழுபதுக்கு ஏற்றினார். பிறகு எண்பத்தைந்து, நூறு. ஆறரை மணி நேரத்தை ஒன்பதாக்கி, பத்தாக்கினார். கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள் வந்தன. இலைகளின் ஓரத்தில் முடி முடியாகப் பாசி தொங்கியது. ஆடி முடிவதற்குள் மரவேர் முழுக்கக் கறுப்பாக, தாடி முளைத்த மாதிரி ஆகிவிட்டது.

ரிசார்ட்டின் வரவேற்புப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ரெஜினா. செங்கல்பட்டிலிருந்து தினமும் வந்து போகிறவர். கோபமாகப் பேசும் பழக்கம் இல்லாதவர். ஒரு திங்கட்கிழமை அவர் எல்லப்பனைத் தொட்டிக்குப் பக்கத்தில் அழைத்துப் போனார்.

“இன்னாண்ணா, நேத்துதான தொடச்சீங்க? லெஃப்ட் சைடு அப்டியே பச்சையா கீது?”

“மொத்தமும் தொடச்சேனேம்மா.”

“இங்க பாருங்க.”

எல்லப்பன் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். ஒரு சாண் அகலத்துக்கு, மேலிருந்து கீழ்வரை, துணியே படாமல் பாசி இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. இரண்டுக்கும் நடுவே வரப்பு வெட்டின மாதிரி ஒரு கோடு. அவர் கை போன இடம் அந்தக் கோட்டோடு நின்றிருந்தது. “யாரோ கூப்ட்டாங்க, பாதில வுட்டுட்டேன் போல” என்று சொல்லித் துணியை எடுத்தார். யாரும் கூப்பிடவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அவர் கேட்டபடியே ரிசார்ட்டில் புது லைட் வாங்கிக் கொடுத்தார்கள். அதை மாட்டுவதற்குக் கருங்குழி ஜான்சனைத் தன்னோடு அழைத்துப் போனார். ஜான்சனும் இதே தொழில்தான். பத்து வருடப் பழக்கம். கம்பியில் லைட்டைத் தொங்கவிட்டு சுவிட்சைப் போட்டார்கள். ஜான்சன் சட்டென்று கையை நெற்றியில் குடை பிடித்தான்.

“அய்ய, கொறை மச்சான்! கண்ணு கூசுது.”

எல்லப்பன் லைட்டையே பார்த்தார். ஈரத்துணி போட்டு மூடிய விளக்கு மாதிரி இருந்தது. பழைய லைட் எப்படித் தெரிந்ததோ அப்படியேதான் இதுவும். கூச்சம் கொஞ்சமும் இல்லை. “நெஜமாவா கூசுது?” என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

ஜான்சன் தன் போனில் வெளிச்சம் அளக்கும் செயலியைத் திறந்து கண்ணாடிக்கு அருகே பிடித்தான். “இந்தத் தொட்டிக்கு வேண்டியதுல டபுள் காட்டுது. செடிய வளக்கிறியா, பாசிய வளக்கிறியா? உனுக்குத் தெரியாததா?”

“சும்மா ஃபுல்லா வச்சிப் பாத்தேன்” என்று எல்லப்பன் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்கே யாருடையதோ போலக் கேட்டது. லைட் நன்றாக இருக்கிறது. மங்கிப்போனது வேறு எதுவோ. அதை மனசுக்குள் சொல்லிப் பார்க்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஏனென்றால் அவருடைய அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. ஐம்பத்தைந்து வயதில் அவர் நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வார். ஓரத்தில் வைத்த தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிடுவார். குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று ஊரில் பேசினார்கள், அவரும் மறுக்கவில்லை. கண்ணில் வலியில்லை, சிவப்பில்லை, பூ விழவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒரு கண் முழுசாகவும் மறு கண் முக்காலும் போயிருந்தது. கடைசி ஒன்பது வருடம், சோற்றுத் தட்டு எங்கே இருக்கிறது என்று விரல்களை மெல்ல நகர்த்திக்கொண்டே தேடுவார். அந்த விரல்கள்தான் இப்போது எல்லப்பனுக்கு ஞாபகம் வந்துகொண்டே இருந்தன.

வீட்டில் யாரும் இல்லாத ஒரு காலை நேரம், சுவர்க் காலண்டருக்கு எதிரே நின்று இடது கண்ணை மூடினார். தேதிகள் தெரிந்தன. பிறகு வலது கண்ணை மூடினார். காலண்டரின் ஒரு பக்கம் இல்லை. கறுப்பாகவும் இல்லை, வெள்ளையாகவும் இல்லை, சும்மா இல்லை. ஞாயிறும் திங்களும் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ சுவர் போல, புகை போல ஒன்று. சட்டென்று இரண்டு கண்களையும் திறந்துகொண்டார். அதன்பிறகு அந்தக் காலண்டர் இருந்த சுவர்ப்பக்கம் அவர் நிற்கவே இல்லை.

மனைவி காயத்ரியிடம் சொல்லவில்லை. காயத்ரி பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எதையும் நீட்டி முழக்காமல் உடனே செய்து முடிப்பவள். சொன்னால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவாள். போனால் தெரிந்துவிடும். தெரியாமல் இருக்கும்வரை அது இல்லை என்று எல்லப்பன் தனக்குத்தானே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். காபி டம்ளரை நடுவில் பார்த்து வாங்கினார். படியில் இறங்கும்போது செருப்பைத் தேடுகிற மாதிரி காலால் துழாவி இறங்கினார். மகள் திவ்யா மதுராந்தகத்தில் கல்லூரிக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். அவள் போனில் எதையாவது காட்டினால், “அப்புறம் பாக்கறம்மா” என்று நகர்ந்துவிடுவார்.

பைக்கைத்தான் ஏமாற்ற முடியவில்லை. ஆவணியில் ஒரு நாள் சாயங்காலம், தேவனேரியில் வேலை முடித்துத் திருக்கழுக்குன்றம் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். வெயில் இறங்கி, வெளிச்சம் சாம்பல் நிறமாக மாறும் நேரம். ரோடு காலியாக இருந்தது. அவர் கண்ணுக்குக் காலியாக இருந்தது. திடீரென்று இடது கைப்பிடிக்குப் பக்கத்தில், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. பள்ளிச் சீருடையில் ஒரு பெண் பிள்ளை. பிரேக்கை அழுத்தினார். பைக் வழுக்கிக் குறுக்கே நின்றது. முன்சக்கரம் சைக்கிளின் பின்சக்கரத்தை லேசாகத் தொட்டிருந்தது. அந்தப் பிள்ளை விழவில்லை. காலை ஊன்றி நின்றபடி அவரையே பார்த்தாள்.

எதிரே டீக்கடையிலிருந்து ஒரு ஆள் ஓடி வந்தான். “யோவ், கண்ணு இன்னா பொடனிலயா கீது? அம்மாம் நேரமா அந்தப் பொண்ணு ஓரமா வந்துகினு கீது, தெர்லயா?”

எல்லப்பன் அந்தப் பிள்ளை போனபிறகும் பைக்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றார். இன்னும் ஒரு முழம் முன்னால் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பை மனம் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டியது. மீதித் தூரத்தை மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். பாலாற்றுப் பாலத்தில் லாரிகள் முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் உடம்பு தூக்கிப் போட்டது. அன்றைக்கும் காயத்ரியிடம் சொல்லவில்லை. “இன்னாங்க, மூஞ்சி செத்துப்போய் கீது?” என்று அவள் கேட்டதற்கு, வெயில் என்றார்.

அந்த வாரமே தொட்டியில் விபரீதம் நடந்தது.

கறுப்புப் பாசியைக் கொல்ல ஒரு வழி உண்டு. லைட்டையும் தண்ணீர் சுற்றும் மோட்டாரையும் நிறுத்திவிட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிரிஞ்சில் எடுத்து, பாசி மேல் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். கொஞ்சம்தான். அளவு கூடினால் பாசியோடு இறாலும் மீனும் போகும். எல்லப்பன் சிரிஞ்சைக் கண்ணுக்கு எதிரே பிடித்தார். அதன் மேல் இருந்த மெல்லிய கோடுகள் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் போய்ப் பிடித்தார். கோடுகள் வந்தன, போயின. நாலடி தூரத்தில் ரெஜினா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். “இத்தக் கொஞ்சம் படிச்சு சொல்லும்மா” என்றால் போதும். ஆனால் சொன்னால், ஏன் என்று கேட்பார். எல்லப்பன் குத்துமதிப்பாக எடுத்தார். எத்தனை முறை எடுத்தோம் என்பதும் நடுவில் குழம்பிப்போனது.

மறுநாள் காலை நாஸ்தா முடிப்பதற்குள் ரெஜினாவின் போன் வந்தது. “அண்ணா, மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துகினு கீது. சீக்கிரம் வாங்க.”

அவர் போய்ச் சேரும்போது பாதிக்கு மேல் போய்விட்டது. இறால் ஒன்றுகூட மிச்சமில்லை. அவசரமாகத் தண்ணீரை மாற்றிவிட்டு, வலையால் செத்த மீன்களை எடுத்து வாளியில் போட்டார். நாலு வருடம் வளர்த்த உயிர்கள். அவர் கையாலேயே.

ரெஜினா பக்கத்தில் வந்து நின்றார். வலை போகும் இடங்களைக் கவனித்தார்.

“அண்ணா, அங்க ஒன்னு கீது பாருங்க.”

எல்லப்பன் வலையைக் கொண்டுபோனார். ஒன்றும் இல்லை.

“அங்க இல்லண்ணா. இப்டி, லெஃப்ட்ல.”

வலையை இடது பக்கம் நகர்த்தினார். தண்ணீர்தான் இருந்தது.

“ஒன்னு இல்ல, ஏழெட்டு கீது. உங்க கைக்குப் பக்கத்துல.” ரெஜினாவின் குரல் இறங்கிவிட்டது. “அண்ணா… உங்களுக்கு இது தெர்லயா?”

எல்லப்பன் வலையை விட்டுவிட்டார். இரண்டு மாதமாகப் பிடித்து வைத்திருந்தது எல்லாம் அந்த ஒரு கேள்வியில் கழன்றது. வரவேற்பறையின் சோபாவில் போய் உட்கார்ந்தார். “தெர்லம்மா” என்றார். “ரொம்ப நாளா தெர்ல. பயமா கீது.” வந்து போகிற விருந்தாளிகள் பார்ப்பார்களே என்ற நினைப்புகூட அவருக்கு வரவில்லை, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ரெஜினா அவர் போனை வாங்கிக் காயத்ரியின் எண்ணைத் தேடி அழைத்தார். “அண்ணி, நீங்க கெளம்பி வாங்க. அண்ணாவ வண்டி ஓட்ட வுடக் கூடாது.”

காயத்ரி இரண்டு பஸ் மாறி வந்தாள். வழியெல்லாம் என்ன நினைத்துக்கொண்டு வந்தாளோ, வந்தவள் திட்டவில்லை. அவர் கையைப் பிடித்து எழுப்பி, “பைக் இங்கயே நிக்கட்டும்” என்றாள். பஸ்ஸில் செங்கல்பட்டு வரும்வரை அவர் அந்தச் சைக்கிள் பிள்ளையைப் பற்றிச் சொன்னார், காலண்டரைப் பற்றிச் சொன்னார். காயத்ரி ஜன்னல் பக்கம் பார்த்தபடி, “மாமாவுக்கு ஆன மாதிரியா?” என்று மட்டும் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். அவள் பிடி இறுகியது.

செங்கல்பட்டில் கண் ஆஸ்பத்திரியில் முதலில் கண்ணின் அழுத்தம் பார்த்தார்கள். பிறகு ஓர் இருட்டறைக்கு அழைத்துப் போய், வெள்ளைக் கிண்ணம் போன்ற இயந்திரத்துக்கு முன்னால் உட்கார வைத்து, தாடையை ஒரு மேடையில் வைக்கச் சொன்னார்கள். கையில் ஒரு பட்டன். நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரங்களில் எங்காவது சின்ன வெளிச்சம் மின்னினால் அழுத்த வேண்டும்.

வலது கண்ணுக்குப் பரவாயில்லை; மின்னியது, அழுத்தினார். இடது கண்ணுக்கு மாற்றியதும் அந்தக் கிண்ணம் வெறுமையாகிவிட்டது. இயந்திரம் உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம் போடும். ஒவ்வொரு சத்தத்துக்கும் எங்கோ ஒரு வெளிச்சம் வந்து போகிறது என்று அவருக்குப் புரிந்தது. டிக். தெரியவில்லை. டிக். தெரியவில்லை. டிக். தெரியாமலே ஒருமுறை அழுத்திவிடலாமா என்று கட்டைவிரல் துடித்தது. அப்பாவின் விரல்கள் தட்டைத் தேடியது கண்முன் வந்தது. வேர்வை வழிந்து தாடை மேடை நனைந்தது. அந்தப் பத்து நிமிடத்தைப் போல் ஒரு பயத்தை அவர் பிறகு ஒருமுறைதான் அனுபவித்தார்.

டாக்டர் அம்மா காகிதத்தைக் காட்டி விளக்கினார். கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. வெளிச்சம் மங்கலாகத் தெரிந்ததும், ஓரம் மறைந்ததும் அதனால்தான். “போன பார்வை திரும்ப வராதுங்க. அத முதல்லயே சொல்லிடறேன். ஆனா இருக்கறதக் காப்பாத்தலாம். சொட்டு மருந்து ஒரு நாள் விடாம போடணும். வண்டி ஓட்டக் கூடாது.”

“முழுசா போய்டுமா?” என்று கேட்டார் எல்லப்பன்.

“நீங்க வந்துட்டீங்க. உங்க அப்பா வந்த நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டீங்க” என்றார், அவருடைய அப்பாவைப் பற்றி முன்பே கேட்டு வைத்திருந்த டாக்டர். அதில் ஆறுதலும் இருந்தது, ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாத ஒரு இடமும் இருந்தது. எல்லப்பன் காதில் அந்த இடம்தான் பெரிதாக விழுந்தது.

தேவனேரித் தொட்டியை இனி வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தார். ரெஜினா மேலிடத்தில் என்ன சொன்னார் என்று தெரியாது. ஒரு வாரம் கழித்து, “ஜான்சன் அண்ணாவயும் கூட்டிகினு வாங்க” என்று செய்தி அனுப்பினார். இரண்டு பேரும் மரவேர்களை வெளியே எடுத்துத் தேய்த்தார்கள். தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடி மூன்று நாள் இருட்டில் வைத்தார்கள். லைட்டை ஐம்பதுக்கு இறக்கி, டைமரை ஆறு மணி நேரத்துக்கு வைத்தார்கள். எல்லப்பன் பார்த்தபோது தொட்டி, மழை மூட்டத்தில் தெரியும் கிணறு மாதிரி இருந்தது. கை தானாக லைட்டின் குமிழுக்குப் போனது.

“தொடாத அண்ணாத்த” என்று ஜான்சன் கிண்டலாகச் சொல்லி அவர் கையைப் பிடித்தான். உடனே குரலை மாற்றிக்கொண்டான். “மீட்டர் கரெக்டா கீதுடா. உன் கண்ண நம்பாத, நம்பர நம்பு.”

அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. கண்ணை நம்பியே வாழ்ந்த ஆள். ஆனால் நம்பினார். ஐந்தாறு வாரத்தில் பாசி கருகி உதிர்ந்தது. புது இலைகள் சுத்தமாக வந்தன என்று ரெஜினா சொன்னார். இடது பக்கக் கண்ணாடியை ஜான்சன் துடைப்பான், வலது பக்கத்தை இவர். சிரிஞ்சை அவன் படிப்பான். செடி வெட்டுவதும் வேரில் கட்டுவதும் இவர் விரல்களுக்கு இன்னும் தெரிந்திருந்தது.

பயம் மட்டும் உதிரவில்லை. தினமும் மருந்து விட்ட பிறகு கண்ணை மூடி உட்காரும்போது, திறந்தால் எவ்வளவு மிச்சம் இருக்குமோ என்று தோன்றும். ஆறு மாதம் கழித்து மறுபடி அந்தக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்தார். காகிதத்தில் வந்த பார்வைப் படம் முன்பு இருந்தபடியே இருந்தது. ஒரு புள்ளிகூடக் கூடுதலாகக் கறுக்கவில்லை. காயத்ரி சாமியைக் கும்பிடுவது போல் டாக்டரைக் கும்பிட்டாள். அப்போதுதான் டாக்டர் கேட்டார்:

“பொண்ணு இருக்குன்னு சொன்னீங்களே, அவங்களுக்குப் பாத்தீங்களா? இது ரத்தத்துல வர்றது.”

தனக்கென்று பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை என்று எல்லப்பனுக்கு அன்றைக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போய்த் திவ்யாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நிலைப்படியில் லேசாகத் தோள் உரசினாலும் இவருக்கு உயிர் போய் வந்தது. “மேசமேல டம்ளர் எங்க கீது சொல்லு” என்று திடீரென்று கேட்பார். “இன்னாப்பா பேஜார் பண்ற” என்று அவள் எரிந்து விழுவாள்.

அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் செங்கல்பட்டுக்கு வந்தார்கள். திவ்யா அந்த இருட்டறைக்குள் போனதும் கதவு மூடியது. எல்லப்பன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். கதவுக்குப் பின்னால் இருந்து எதுவும் கேட்காது. ஆனால் அவருக்கு அந்த ‘டிக்’ கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் அழுத்துகிறாளா, இல்லையா? அவர் கட்டைவிரல் பெஞ்சின் விளிம்பை அழுத்திக்கொண்டிருப்பதைக் காயத்ரி பார்த்து, அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கையும் ஈரமாகத்தான் இருந்தது.

திவ்யா கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தாள். “கேம் ஆடற மாதிரி கீதுப்பா. கழுத்துதான் வலிக்குது.”

டாக்டர் அரை நிமிடம் காகிதத்தைப் பார்த்தார். “நரம்பு நல்லா இருக்கு. அழுத்தமும் சரியா இருக்கு” என்றார் டாக்டர். “வருஷத்துக்கு ஒருதடவ மறக்காம கூட்டிட்டு வாங்க. அவ்ளோதான்.”

வெளியே வந்ததும் காயத்ரி, “வாங்க, படாளம் வழியா போற மதுராந்தகம் வண்டி போய்டும்” என்றாள். எல்லப்பன் அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். “ஒரு நிமிஷம் இரு” என்றார். திவ்யா அவருக்கு இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள். அவள் வந்ததைப் பார்க்கவில்லை. தோளில் தோள் படும்போதுதான் தெரிந்தது. “இங்கதாம்பா கீறேன்” என்றாள் அவள். வண்டி போனது. அடுத்த வண்டிக்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்று யாரோ சொன்னார்கள். மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.